ஷக்ரினுக்கு ஒரு வாக்கியம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. கல்யாணம் நெருங்கும் பெண்ணுக்கு இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் போலிருக்கிறது. காற்று பலமாக அடிக்கிறது. மாடியறை ஜன்னல் ஆடாமலிருக்க அட்டையை மடித்துச் செருகினேன். இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

இன்று வந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று ஷக்ரின் (chagrin). பெங்களூரிலிருந்து ஸ்னேகா அனுப்புகிறாள். அவள் ஓர் அகராதிச் செயலியின் பதிப்பாசிரியர். நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் உதாரண வாக்கியம் எழுதி, கீழே தமிழில் பொருள் தருகிறேன். எம்.ஏ. ஆங்கிலம் இதற்குப் பயன்படும் என்று யாரும் சொல்லவில்லை. விதிகள் உண்டு. வாக்கியத்தில் மதம் கூடாது, சாதி கூடாது, சாவு கூடாது. ராஜுவும் மீனாவும் இருக்கலாம். அவர்களுக்கு மழை, பேருந்து, தேர்வு ஆகியவை நேரலாம்.

ஷக்ரின்: ஏமாற்றமும் வெட்கமும் சேர்ந்தது. ஒன்று மட்டும் இருந்தால் இந்தச் சொல் வராது.

முதல் முயற்சி: ராஜு குடையை மறந்த அன்றுதான், அவனுக்கு ஷக்ரின் உண்டாகும்படி, மழை பெய்தது. அனுப்பிவிட்டேன்.

கூடவே செப்டம்பர் முதல் வாரம் விடுப்பும் கேட்டேன். "டேட் ஃபிக்ஸ் ஆயிடுத்தா?" என்றாள். ஓலை கொடுத்தாயிற்று என்றேன். "ஓலையா? பனை ஓலையா?" விளக்க வேண்டியிருந்தது. பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் மூன்று ஞாயிறு எங்கள் இருவர் பெயரையும் வாசிப்பார்கள். இவர்களைச் சேர்க்கக்கூடாதபடி யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார்கள். மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம். "யார் வாசிப்பா?" ஐயர் என்றேன். அவள் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துப் பட்டாபியின் மகள். "உங்க சர்ச்ல எங்காத்து மனுஷாளுக்கு என்னடி வேலை?" குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்றேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு ஒரு கேள்வி: "யாராவது தடை சொல்லி நீ பாத்திருக்கியா?"

இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் ஓலை. நான் போகவில்லை. "ஓலை வாசிக்கன்னைக்கு பொண்ணு கோயிலுக்குப் போகக்கூடாது" என்றாள் அம்மா. ஏன் என்றேன். "கூடாதுன்னா கூடாது. நான் போனேனா? எங்க அம்மா போனாளா? குக்கர் மூணு விசில் வந்ததும் எறக்கு."

ஆகவே அடுப்படியில் நின்று யூடியூபில் பார்த்தேன். எங்கள் கோயிலின் நேரலையைக் கிங்ஸ்டன் அண்ணன் எடுக்கிறார். திருமணங்களுக்கு வீடியோ எடுத்துப் பழகிய கை; ஆராதனையிலும் முகங்களைத் தேடிப் போகும். ஐயர் வாசித்தார். நாசரேத்தைச் சேர்ந்த ஹெப்ரான். பாளையங்கோட்டை தேவசிகாமணி, டெபோரா தம்பதியரின் குமாரத்தி கெசியா. கேமரா உடனே அப்பாவைப் பிடித்து நெருங்கியது. பெண்ணின் தகப்பனார். அப்பா பாமாலையில் பாட்டைத் தேடுவது போல் குனிந்தார். சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் சிரித்து இந்த ஊர் அதிகம் பார்த்ததில்லை.

என் பெயரைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெருவுக்கு வேறு ஒரு கெசியா குடிவந்திருக்கிறாள் போல. நல்ல பெண்ணாக இருப்பாள் என்று நினைத்தேன்.

விசிலை எண்ண மறந்துவிட்டேன். கறி குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குடை வேண்டாம் என்கிறாள் ஸ்னேகா. சரிதான். குடையை மறந்தால் எரிச்சல். வெட்கம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 13, புதன்

ஹெப்ரான் பேசினார். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. கேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். குளியலறையில் ஒரு குழாய் சொட்டுகிறதாம், சரிசெய்யச் சொல்லியிருக்கிறாராம். பேச்சு தீர்ந்துபோகும்போது இருவரும் ஒரே சமயத்தில் "அப்புறம்" என்கிறோம். பிறகு இருவரும் சிரிக்கிறோம். அது நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும்—

அந்தக் குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாம் முயற்சி: பரிசு தனக்குத்தான் என்று எழுந்து மேடையை நோக்கி நடந்தவர், வேறொரு பெயர் அறிவிக்கப்பட்டதும், ஷக்ரினோடு தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதில் வெட்கம் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. முக்கியமாக, பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அரங்கம் காலியாக இருந்தால் அவர் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிப்பது போல் நடிக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு விதி: சாட்சி இல்லாமல் ஷக்ரின் இல்லை.

"நீளம். பாதியா வெட்டு" என்று ஸ்னேகா.

ஆகஸ்ட் 16, சனி

சாயங்காலம் ஹெப்ரான் கூப்பிட்டார். இன்று அவர் பேசும் நாள் அல்ல.

"கெசியா, பேசலாமா?"

"சொல்லுங்க."

"எனக்கு முடியல."

குழாயைத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். என்ன முடியவில்லை என்று கேட்டேன்.

"கல்யாணம். ஒங்க மேல ஒரு கொறையும் கெடையாது."

"தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "இல்ல. இருந்தா சொல்லுததுக்கு லேசா இருக்கும்" என்றார். பிறகு: "எங்க கோயில்ல ஓலை வாசிச்சத வீடியோல பாத்தேன். எம்பேரு வந்துச்சு. யாரோ ஒரு ஹெப்ரானுக்குக் கல்யாணம், நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். அது சரியில்லல்ல? வாரம் பூரா யோசிச்சேன். அது சரியில்ல."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது அவருக்கு மன்னிப்பாகிவிடும். சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்து அம்மா அப்பாவிடம் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "நாளைக்கு ரெண்டாவது ஓலைல்லா?"

ஐயருக்குச் சொல்ல வேண்டும். அப்பா ஃபோனை எடுத்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம்.

"ஸ்தோத்திரம் ஐயா... ஆமாய்யா... கர்த்தர் கிருபைல நல்லா இருக்கோம்யா... ஒண்ணுமில்ல, நாளைக்கு ஆராதனை எட்டரைக்குத்தானய்யா?... சரிய்யா. ஸ்தோத்திரம்."

வைத்துவிட்டார்.

"எட்டரைன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் அம்மா.

"ஃபோன்ல சொல்லுத விசயமா இது? காலைல நேர்ல பாத்துச் சொல்லுதேன்."

நான் மேலே வந்து பரிசு வாக்கியத்தைப் பாதியாக வெட்டினேன். தண்ணீர்ப் பானை போய்விட்டது. பானை இல்லாமல் அந்த மனிதர் எங்கே திரும்புவார் என்று தெரியவில்லை. அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாசித்துவிட்டார்கள்.

அப்பா சீக்கிரமே கிளம்பிப் போனார். அம்மா போகவில்லை. நாங்கள் இருவரும் அடுப்படியில், ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். அறிவிப்புகள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். அசனப் பண்டிகையின் பொது விருந்துக்கு அரிசி தருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். பிறகு ஓலை. முதலில் வேறு ஒரு ஜோடி. அடுத்து என் பெயர், இரண்டாம் தடவையாக.

அம்மா ஃபோனைப் பார்த்து "ஐயோ" என்றாள். அது கேட்கும் என்பது போல.

கிங்ஸ்டன் அண்ணன் போன வாரம் போலவே அப்பாவிடம் போனார். மரியாதைக்கு. இன்னும் நெருக்கமாகப் போனார். யாருக்காவது தடை தெரியுமா என்று ஐயர் கேட்டார். அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத் தெரியும். அவர் திரை முழுக்க இருந்தார். பாமாலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா வந்ததும் அம்மா கேட்டாள். ஐயர் வேறொரு சபையில் ஆராதனை முடித்து நேராக வந்தாராம், அங்கி மாட்டவே நேரமில்லையாம்.

"அப்ப வாசிக்கையில எழும்பிச் சொல்லுததுக்கென்ன?"

"எழும்பியா? அத்தன பேரு மத்தியிலயா? எம்பிள்ளையப் பத்தியா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எல்லாரும் கை குடுத்தாங்க" என்றார். "நானும் குடுத்தேன்."

ஆகஸ்ட் 18, திங்கள்

நாசரேத்தில் நேற்று எங்கள் ஓலையை வாசிக்கவில்லையாம். அம்மாவின் சிநேகிதி ஒருத்திக்கு அங்கே சொந்தம்; என்ன விஷயம் என்று கேட்டாள். "அங்க ஐயர் லீவு" என்று அம்மா சொன்னது இங்கே மாடிவரை கேட்டது. எவ்வளவு வேகமாகச் சொன்னாள்.

இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. ஐயருக்கும்தான்.

இன்றைக்காவது சொல்லிவிடுங்கள் என்றேன். "நிறுத்துனது அவங்க. அவங்க சொல்லட்டும்" என்றார் அப்பா. அம்மா வேறு சொல்கிறாள்: மூணாவது ஓலைக்குள்ள பையனுக்கு மனசு மாறும். அவளுடைய சித்தப்பாவுக்கு அப்படி ஆகியிருக்கிறதாம்.

அம்மாவிடம் இருப்பது ஏமாற்றம்கூட இல்லை. ஏமாற்றத்துக்கு முந்தியது. அப்பாவிடம் இருப்பது வெட்கம் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தேன். கொஞ்சம் ஆறுதல். அதை இந்த வீட்டில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேலப்பாளையம். ஆபிதா பீவியிடம் கல்யாணத்துக்கான வெள்ளை ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன்.

"எக்கா, கல்யாணம் நின்னுபோச்சு."

மெஷினை நிறுத்தினார். "யா அல்லா. எப்ப?"

"சனிக்கிழமை."

"ஒங்கம்மா நேத்துகூட ஃபோன் போட்டு கைக்கு லேஸ் வைக்கச் சொன்னாவளே புள்ள."

மெஷினில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன்.

"துணிய வெட்டிட்டனே. வெட்டுனத எப்பிடி ஒட்டவைக்க?"

"தைச்சிருங்க."

"வெள்ளையால்லா இருக்கு. என்னத்துக்குப் போடுவ?"

"ஈஸ்டருக்கு."

சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கைக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் சிரித்தார். "லேஸு என்ன செய்யட்டும்? ஒங்கம்மா கேட்டா?" தெரியவில்லை என்றேன். "சரி, கழுத்துல மட்டும் கொஞ்சம் லேஸ தொட்டுவிடுதேன். ரெண்டுக்கும் பொதுவா இருக்கும்."

சொல்வது இவ்வளவுதான். ஒரு வாக்கியம். எங்கள் கோயிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் நின்றபடியே சொல்ல முடிகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

அப்பா காலையில் பென்ஷன் விஷயமாக ஜங்ஷன் போவதாகச் சொல்லிப் போனவர், மத்தியானம் தாண்டி வந்தார். சட்டைக் கையில் விபூதி. அம்மா கண்டுபிடித்தாள். "இதென்ன கோலம்? மதம் மாறிட்டியளா?" பஸ்ஸில் கூட்டம் என்றார். திருச்செந்தூரில் ஆவணித் திருவிழா, பச்சை வேட்டிக்காரர்கள் நெருக்கித் தள்ளிவிட்டார்களாம்.

ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸில் திருச்செந்தூர்க் கூட்டம் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் வந்தார்கள். கல்யாண வீட்டில் ஜெபிக்க வருவது வழக்கம். போன மாதமே குறித்த நாள். மறந்துவிட்டோம். மறக்கவில்லை. யாரும் பேச்சை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா அவசரமாகக் கேசரி கிளறினாள்.

இதோ இப்போது அப்பா சொல்வார் என்று நினைத்தேன். அப்பா மின்விசிறியைப் போட்டார். வேகத்தைக் கூட்டினார். பிறகு குறைத்தார்.

ஐயர் ஜெபித்தார். இவர்கள் கட்டப்போகும் இல்லத்துக்காக. ஓசூர் மாநகரத்துக்காக. வரப்போகும் பிள்ளைகளுக்காக. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். ஐயரம்மா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "எல்லாத் தாய்க்கும் இப்பிடித்தாம்மா. சம்பந்தி வீடு எட்டித் தொடுத தூரம்லா. நெனச்சா பஸ் ஏறிரலாம், நாசரேத்துக்கு எவ்வளவு நேரம்?" அப்பா தரையைப் பார்த்தார்.

போகும்போது ஐயர் என்னிடம் நின்றார். "என்னம்மா, நல்லா ஜெபம் பண்ணிக்கிடுதியா?"

"பண்ணுதேன் ஐயா" என்றேன்.

அந்த இடத்தில் வேறு ஒரு வாக்கியம் வந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை வந்த அதே வாக்கியம். வரவில்லை. அப்பாவைக் குறை சொல்லும் தகுதி இன்றோடு போயிற்று.

கேசரி நன்றாக இருந்தது என்று ஐயரம்மா பொதிந்து வாங்கிப் போனார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெப்ரானிடமிருந்து செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"உங்க அப்பா புதன்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் லீவுல வந்திருக்கேன். எங்கப்பா உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்லச் சொல்லிட்டாங்க. சார் போகாம வாசல்ல நின்னாங்க. நாந்தான் வெளிய வந்தேன். என் கையப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல. ஓலை முடியுற வரைக்கும் வெளிய சொல்லாதீங்க தம்பின்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. தெருவுல எல்லாரும் பாத்தாங்க. தயவுசெஞ்சு அவங்கள மறுபடி அனுப்பாதீங்க."

அனுப்பாதீங்க. நான் அனுப்பினேனாம்.

நானா அனுப்புனேன்? நான் அனுப்புவேனா? அவரு எங்கன போறாருன்னே எனக்குத் தெரியாதே. அந்த பஸ்ல நின்னுக்கிட்டே போயி, நின்னுக்கிட்டே வந்து, சாப்பிடாம படுத்தாரே. ஒரு வாய் தண்ணி குடுத்தானா? அதக்கூட எழுதல பாரு. அவன் கையப் பிடிச்சாராம். எங்கப்பா. பரீட்ச பேப்பர்ல அர மார்க்கு கூடப் போடச் சொல்லி வந்த டி.இ.ஓ.வத் திருப்பி அனுப்புன மனுசன்.

—

கொஞ்ச நேரம் கழித்து.

முகம் சுட்டுக்கொண்டிருந்தது. அறையில் தனியாகத்தான் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஏமாற என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. என் விதி தப்பு. சாட்சி வேண்டாம். சொந்த எதிர்பார்ப்புகூட வேண்டாம் போலிருக்கிறது. இன்னொருவருடையது போதும்.

செயலிக்கு இது உதவாது.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் ஒன்று எழுதி அனுப்பினேன்: சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்ன மீனா, காலிப் பையோடு, ஷக்ரினோடு, பூட்டிய கதவின் முன் நின்றாள். உடனே ஏற்றுக்கொண்டாள் ஸ்னேகா. ஒரு கட்டைவிரல்.

விடுப்பு வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கல்யாணம் இல்லை என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது: "என்ன சொல்றதுன்னு தெரியலடி. ரெண்டு நாள் விடட்டுமா, இல்ல அடுத்த வேர்ட்ஸ் அனுப்பட்டுமா?" அனுப்பு என்றேன். அனுப்பினாள்.

சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு.

"நாசரேத்துக்குப் போனீங்களாப்பா?"

துடைப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பய சொன்னானா?"

"ஆமா."

"கையப் பிடிச்சதயும்?"

"ஆமா."

மறு செருப்பை எடுத்தார். "நாளைக்கு ஒரு நாள் பொறு பிள்ள. வாசிச்சிட்டுப் போட்டும்."

"வாசிச்சு என்ன ஆகப்போவுது?"

"மூணும் முடிஞ்சிரும்லா. முடிஞ்சபெறகு நின்னா, அவனுக்கு வேலை மாறிட்டு, தேதி தள்ளிட்டு, என்னமும் சொல்லிக்கிடலாம். ஓலை பாதில நின்னா என்ன அர்த்தம்? எவனோ ஐயர்ட்ட போயி தடை சொல்லிட்டான்னு அர்த்தம். பையனப் பத்தி எவன் பேசுவான்? பொண்ணு மேலதான் என்னமோ இருக்குன்னு பேசுவான்." துணியை உதறினார். "எனக்கு என்னட்டி. நான் ரிட்டயர்டு ஆளு. யாரு என்ன சொன்னா எனக்கென்ன."

ஒரு வாரமாக அவரிடம் இருந்தது அவருடைய வெட்கம் என்று எழுதிவைத்திருந்தேன். இதை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வரியை அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

"நாளைக்கு நான் கோயிலுக்கு வாரேன்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: "ஓலை வாசிக்கன்னைக்கா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? போகவே கூடாது."

"நாளைக்கு வாசிக்கமாட்டாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"நான் போயிச் சொல்லுவேன்."

"பொண்ணே போயிச் சொன்னா ஊரு என்னன்னு பேசும்?"

"நாந்தான் வேண்டாம்னுட்டேன்னு பேசும். பேசட்டும்."

அது உண்மையில்லை என்றாள் அம்மா. முழுக்க உண்மையில்லைதான். முழுப் பொய்யா என்பது எனக்கே தெரியவில்லை. அப்பா என் செருப்பையும் இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா வரவில்லை. நானும் அப்பாவும் நடந்தே போனோம். தெருவில் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு என்னைக் கவனித்தார்கள், பிறகு சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்கள்.

ஐயர் உடை மாற்றும் அறையில் இருந்தார். அங்கியில் ஒரு கை மாட்டியிருந்தது.

"என்னம்மா, இன்னைக்கு வந்துருக்க?"

"எங்க ஓலைய வாசிக்க வேண்டாம் ஐயா."

மறு கையை மாட்டவில்லை. "யாரும் தடை சொன்னாங்களா?"

"நாந்தான் சொல்லுதேன்."

"பையன் வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"வெளிய நிக்காங்க."

என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அங்கே அப்பா நின்றிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. வியாழக்கிழமை ஜெபத்தை ஐயர் நினைத்துக்கொள்கிறார் என்று தோன்றியது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவர் ஓசூர் மாநகரத்துக்கெல்லாம் ஜெபித்தவர். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருக்கலாம் ஐயா என்றேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். வாசிக்காமல் இருந்தால் போதும் என்றேன். மேசையிலிருந்த அறிவிப்புத் தாளை எடுத்து ஒரு வரியில் கோடு போட்டார்.

அப்பாவின் வரிசையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறிவிப்புகள் வந்தன. அசனப் பண்டிகைக்கு இன்னும் அரிசி தேவை. ஓலை என்றதும் கிங்ஸ்டன் அண்ணன் கேமராவை அப்பா பக்கம் திருப்பினார். நான் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் தலையைத் தூக்கினார். பழக்கம் விடவில்லை, நெருங்கி வந்தார். ஐயர் அந்த மற்ற ஜோடியை வாசித்தார். மூன்றாம் முறை. தடை கேட்டார். தாளை மடித்தார். "காணிக்கைப் பாட்டு" என்றார்.

கேமரா எங்களிடமே நின்றது. பெயர் வரும் என்று காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா குனியவில்லை. பாமாலை மடியில் மூடிக் கிடந்தது. அவர் நேராகக் கேமராவைப் பார்த்தார். வகுப்பில் தப்பான விடை சொன்னவன் தானாகத் திருத்திக்கொள்ளட்டும் என்று பார்ப்பாரே, அப்படி. கிங்ஸ்டன் அண்ணன் கேமராவை மெல்லப் பலிபீடத்துப் பக்கம் திருப்பினார்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் அப்பாவோடு முன்பு வேலைபார்த்த சார் ஒருவர் வந்தார். "என்ன சார், இன்னைக்கு ஓலையில பேரு விட்டுப்போச்சே? ஐயர்ட்ட சொல்லணும்லா."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"விட்டுப்போகல. கல்யாணம் நின்னுபோச்சு."

அந்த சார் "அப்பிடியா" என்றார். பிறகு "கர்த்தருக்குச் சித்தமிருந்தா" என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கும் அப்பா அதையே சொன்னார். அதற்கடுத்து ஐயரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டபோது, அவர் கேட்பதற்கு முன்பே அப்பா சொன்னார். அந்தத் தடவை, நாலாம் நம்பர் பஸ் இன்று வராது என்று சொல்வது போல் வந்தது.

வீட்டில் அம்மா நேரலையில் பார்த்திருக்கிறாள். ஃபோன் வந்தது. அழவில்லை. "கொத்தமல்லித் தழை இல்ல. வரும்போது வாங்கிட்டு வாங்க. வாடலா இருந்தா வாங்காதீங்க."

மார்க்கெட்டில் வாங்கினோம். அப்பா கட்டைப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, வேறொன்று எடுத்தார். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டு, பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.